சுவரிலிருந்து கைக்கு: பொத்தானின் வேலையை அகச்சிவப்பு ரிமோட் செய்யும்போது

ஒரு கருவியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் விளக்கு எரிகிறது, மணி அடிக்கிறது, மோட்டார் ஓடுகிறது. எழுந்து போய் அதை அழுத்தாமல், வீட்டில் சும்மா கிடக்கும் தொலைக்காட்சி ரிமோட்டைக் கொண்டே அந்த வேலையைச் செய்ய முடியுமா? மின்னணுச் சுற்றுகளில் கை வைக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது. முடியும். அதற்கு ஒரு வரி போதும். எங்கே செய்யலாம், எங்கே செய்யவே கூடாது, செய்தபின் எதை இழக்கிறோம் என்று சொல்லத்தான் இடம் அதிகம் வேண்டியிருக்கிறது.

மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். செம்போங், பெடாஸ், கோத்தா பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு, தோட்டத்து ஜெனரேட்டர் இரவில் நிறுத்தப்பட்டதும் லயம் முழுக்க இருண்டுபோன காலம் நினைவிருக்கும். மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. ரிமோட் என்ற பொருள் தோட்டத்து வீடுகளுக்குள் நுழைய அதற்கும் பின்னால் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் ரிமோட்டுக்கு உள்ளே இருக்கும் தொழில் இந்த மக்களுக்கு அதற்கு முன்பே பழக்கம். பால் மரம் சீவியவர்களின் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், சிரம்பான், செனவாங் பக்கத்து மின்னணு ஆலைகளுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் போய் வந்தார்கள். சிரம்பானில் மோட்டோரோலா நடத்திய குறைக்கடத்தி ஆலை 1999இல் ஆன் செமிகண்டக்டர் என்ற தனி நிறுவனத்தின் கைக்குப் போனது. தெற்கே மலாக்காவில் சீமென்ஸ் 1973இல் தொடங்கிய ஆலைதான் இன்று இன்ஃபினியான். அதே மலாக்காவின் குருபோங்கில் விஷே நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. ஆப்டோகப்ளர் என்ற சிறு பாகத்தைச் செய்யும் இடம் அது. நம் கேள்விக்கான விடையில் பாதி அந்தப் பாகத்துக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு, வேகமாக. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் கம்பி வைத்த ரிமோட் ஒன்றை விற்றது. கம்பி காலில் தட்டியது. 1955இல் அதே நிறுவனத்தின் யூஜின் பாலி கம்பியில்லாத ‘ஃபிளாஷ்மேட்டிக்’கை உருவாக்கினார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள். கைவிளக்கு போன்ற ஒன்றால் அவற்றின் மேல் வெளிச்சம் அடித்தால் நிலையம் மாறும். வெயில் ஜன்னல் வழியாக விழுந்தாலும் மாறியது. 1956இல் ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ வெளிச்சத்தையே கைவிட்டு, காதுக்குக் கேட்காத மீயொலிக்குப் போனது. பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டு ஒன்றைத் தட்டும், அவ்வளவுதான். அதற்குப் பேட்டரி கிடையாது. பேட்டரி தீர்ந்தால் வாங்கியவர் பெட்டியே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார் என விற்பனைப் பிரிவு அஞ்சியதுதான் காரணம். எழுபது ஆண்டுக்கு முந்தைய அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்பதை இந்தக் கட்டுரையின் பின்பாதியில் பார்க்கலாம்.

மீயொலிக்கும் ஒரு தொல்லை இருந்தது. சில்லறைக் காசு குலுங்கினாலோ சாவிக்கொத்து விழுந்தாலோ பெட்டி அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டது. அகச்சிவப்பை வெளியிடும் எல்இடியை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜேம்ஸ் பயர்டும் கேரி பிட்மனும் 1961இலேயே கண்டுவிட்டார்கள். அது மலிவாகி, கூடவே குறியீட்டை எண்ணிப் பார்க்கும் சில்லுகளும் மலிவான பிறகு, 1980களின் தொடக்கத்தோடு மீயொலி ஒதுங்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தோடு, அதுவரை ரிமோட்டைக் கையில் எடுத்தே பார்க்காத லட்சக்கணக்கான குடிசைகளுக்கு ஒரு அகச்சிவப்பு எல்இடி போய்ச் சேர்ந்தது. அரசியல் பேசியவர்கள் யாரும் அதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இனி, அது எப்படி வேலை செய்கிறது. ரிமோட்டின் மூக்கில் இருக்கும் எல்இடி ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. கைப்பேசியின் முன்கேமரா பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரிமோட் கெட்டுவிட்டதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை இல்லை. ஆனால் அந்த எல்இடி சும்மா எரிந்து அணைந்தால் போதாது. வெயிலிலும் குண்டு பல்பிலும் சுடச்சுட இருக்கும் அடுப்பிலும்கூட அகச்சிவப்பு உண்டு. அந்த வெள்ளத்துக்கு நடுவில் ரிமோட்டின் ஒளியைத் தனியே அடையாளம் காண ஒரு வழி வேண்டும். அதற்காக எல்இடியை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்க விடுகிறார்கள். அந்த எண்ணில் எந்த மர்மமும் இல்லை. 455 கிலோஹெர்ட்ஸ் பீங்கான் அதிர்வி ரேடியோத் தொழிலால் மலிந்து கிடந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழ 38 வரும். பிலிப்ஸ் 36ஐயும் சோனி 40ஐயும் எடுத்துக்கொண்டன.

மறுமுனையில் மூன்று கால் வைத்த ஒரு கறுப்புப் பாகம். டிஎஸ்ஓபி1738 என்ற பெயரில் கடைகளில் இன்றும் கேட்டு வாங்குவது இதைத்தான். இதன் பிந்தைய தலைமுறைகளில் டிஎஸ்ஓபி38238 பரவலானது. உள்ளே ஒளி டயோடு, பெருக்கி, 38 கிலோஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிகட்டி, தானாகக் குறைத்துக் கூட்டும் பெருக்கக் கட்டுப்பாடு, எல்லாம் அடக்கம். அந்தக் கறுப்பு நிறம் அழகுக்காக வைத்ததல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் பிளாஸ்டிக் அது. வெளியீட்டுக் கால் சும்மா இருக்கும்போது உயர்நிலையில் நிற்கும். துடிப்பு வந்தால் கீழே இறங்கும். இந்தத் தலைகீழ்ப் பழக்கத்தைக் கவனிக்காமல்தான் பல சுற்றுகள் முதல் நாளே மக்கர் செய்கின்றன.

இன்னொரு பொறியும் உண்டு. 555 என்ற நேரச் சில்லை வைத்து விடாமல் 38 கிலோஹெர்ட்ஸ் அனுப்பினால் போதாதா என்று தோன்றும். போதாது. ஓயாமல் வரும் துடிப்பை இந்தப் பாகம் இரைச்சல் என்று கருதித் தன் காதை மூடிக்கொள்ளும். துடிப்புக் கொத்து, இடைவெளி, மறுபடி கொத்து என்று விட்டு விட்டுத்தான் அதனிடம் பேச வேண்டும். விடாத கதிர் வேண்டிய ஒளி வேலிகளுக்கென்று டிஎஸ்எஸ்பி4038 போன்ற வேறு வகை இருக்கிறது.

என்இசி முறையை எடுத்துக்கொள்வோம். சந்தையில் கிடைக்கும் மலிவு ரிமோட்டுகளில் பெரும்பாலானவை இதையோ இதன் நகலையோ பேசுகின்றன. 9 மில்லிநொடித் துடிப்பு, 4.5 மில்லிநொடி இடைவெளி. பிறகு 32 பிட். அதில் கருவியின் முகவரி 8 பிட், அதே முகவரி தலைகீழாக 8, கட்டளை 8, அது தலைகீழாக 8. தலைகீழ்ப் பிரதி இருப்பதால் வழியில் ஒரு பிட் கெட்டால் பெறும் பக்கம் அதைக் கண்டு தள்ளிவிட முடியும். ஒரு முழுச் செய்திக்கு 67.5 மில்லிநொடி. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் முழுச் செய்தி திரும்ப வராது; ஏறத்தாழ 110 மில்லிநொடிக்கு ஒருமுறை, ‘இன்னும் அழுத்தியிருக்கிறேன்’ என்ற சிறு குறிப்பு மட்டும் வரும்.

பொத்தானோடு ஒப்பிடும்போது விஷயம் சுவாரசியமாவது இங்கேதான். பொத்தானைத் தூக்கிவிட்டு ரிமோட் வைப்பதாகச் சொல்கிறோம். ரிமோட்டைத் திறந்து பாருங்கள்: சிலிக்கோன் ரப்பர் விரிப்பு, ஒவ்வொரு குமிழின் அடியிலும் ஒரு கரி வில்லை. அழுத்தினால் வில்லை இரண்டு செப்புத் தடங்களைச் சேர்க்கிறது. அதுவும் பொத்தான்தான். (ரப்பர் என்றதும் நம் தோட்டத்துக்காரர்கள் நிமிர வேண்டாம், அது பால் மரத்திலிருந்து வந்ததல்ல.) ஆக, சுவரில் இருந்த பொத்தான் கைக்கு வந்திருக்கிறது, நடுவில் ஒரு நீண்ட மொழிபெயர்ப்பு நுழைந்திருக்கிறது. மொழிபெயர்ப்பில் எது தொலைகிறது என்று பார்ப்பதுதான் வடிவமைப்பவரின் வேலை.

சுவர்ப் பொத்தான் மூன்று விதமாகப் பேசும். அழைப்பு மணியில் தொட்டு விடுகிறோம். இயந்திரக் கதவை ஏற்றி இறக்கும்போது வேண்டிய மட்டும் அழுத்திப் பிடிக்கிறோம். மேசை விளக்கில் ஒரு தட்டுக்கு எரிகிறது, மறு தட்டுக்கு அணைகிறது. மூன்றும் ரிமோட்டில் ஒரே மாதிரி அழுத்தம்தான். வேறுபாட்டைப் பெறும் பக்கம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். தொட்டு விடுவது சுலபம்: குறியீடு வந்ததும் கால் நொடிக்கு ஒரு தொடுப்பு கொடுத்தால் தீர்ந்தது. அழுத்திப் பிடிப்பது சங்கடமானது. விரல் எடுக்கப்பட்டது என்ற செய்தியை ரிமோட் அனுப்புவதே இல்லை. கடைசிக் குறிப்பு வந்து 150, 200 மில்லிநொடி ஆகியும் அடுத்தது வராவிட்டால் விரல் எடுக்கப்பட்டதாக ஊகிக்க வேண்டும். இடையில் யாராவது குறுக்கே நடந்தால் அதுவும் விரலை எடுத்ததாகவே படும். தட்டி மாற்றுவதில் வேறு சிக்கல்: ஒரே நீண்ட அழுத்தத்தை இரண்டு தட்டாக எடுத்துக்கொண்டால் விளக்கு எரிந்து உடனே அணையும். பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் இதற்கென்றே ஒரு பிட் வைத்திருக்கிறார்கள். புது அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் அது மாறும். பிடித்த பிடியில் மாறாது. முறை வகுத்தவர்கள் பொத்தானைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள்.

நிலை தெரியாமை இதைவிடப் பெரிய இழப்பு. சுவர் சுவிட்ச் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே தெரியும். இருட்டில் விரலுக்கும் தெரியும். ரிமோட் ஒருவழிப் பேச்சு. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. குளிரூட்டி ரிமோட்டுகள் இதற்கு ஒரு மாற்று வழி கண்டன: எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெப்பநிலை, விசிறி வேகம், இயங்கு முறை என்று முழு நிலையையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடும். அப்படியும் செய்தி சேராவிட்டால் கையில் இருக்கும் திரை ஒன்று சொல்லும், சுவரில் இருக்கும் கருவி வேறொன்று செய்யும். என் கருத்து இது: கண்ணெதிரே தெரியும் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரே பொத்தானில் மாற்றி மாற்றி இயக்குவது போதும். வீட்டுப் பின்னால் இருக்கும் தண்ணீர்ப் பம்புக்கு அது ஆகாது. போடுவதற்கு ஒரு பொத்தான், நிறுத்துவதற்கு வேறொன்று என்று வைத்தே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தும் பொத்தானை நாலு முறை அழுத்தலாம், கெடுதி இல்லை.

கட்டும் வழிகளில் பழையது, டிஎஸ்ஓபியோடு 4017 எண்ணிச் சில்லைச் சேர்ப்பது. இந்தியாவில் வெளிவரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ போன்ற இதழ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வகைச் சுற்று மனப்பாடமாக இருக்கும். உணரியின் வெளியீட்டை ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் புரட்டிக் கொடுக்க, எண்ணி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி நகரும். மூன்றாவது வெளியீட்டை மீளமைக்கும் காலோடு இணைத்துவிட்டால் போடுவதும் நிறுத்துவதும் மாறி மாறி வரும். ஒரு செய்திக்குள் முப்பதுக்கு மேல் துடிப்பு இருப்பதால், எண்ணி தலை சுற்றிப்போகாமலிருக்க முன்னால் ஒரு மின்தேக்கியும் தடையுமோ 555இல் ஒரு நேரக்கட்டோ வைத்து எல்லாவற்றையும் ஒரே துடிப்பாக்க வேண்டும். நிரல் எழுதத் தேவையில்லை, சில ரிங்கிட்டில் முடியும். கற்றுக்கொள்ள அருமையான சுற்று. வீட்டில் மாட்ட மோசமான சுற்று. காரணம், அதற்கு முகவரி என்ற ஒன்றே தெரியாது. தாத்தா செய்தியின் ஒலியைக் கூட்டினால் கூடத்து விளக்கு அணையும்.

முகவரியும் கட்டளையும் பார்த்து வேலை செய்ய நுண்கட்டுப்படுத்தி வேண்டும். கென் ஷெரிஃப் 2009இல் வெளியிட்ட ஐஆர்ரிமோட் நிரலகத்துக்குப் பிறகு ஆர்டுயினோவில் இது அரை மணி நேர வேலை. பழைய ரிமோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி, வரும் எண்களைக் குறித்துக்கொண்டு, எந்த எண்ணுக்கு எந்தக் கால் இயங்க வேண்டும் என்று எழுதினால் சரி. உடைந்துபோன டிவிடி இயக்கியின் ரிமோட் இதற்கு உத்தமம். வீட்டில் வேறெந்தக் கருவியும் அதன் முகவரிக்குத் திரும்பிப் பார்க்காது. பாகங்களுக்கு முன்பெல்லாம் கோலாலம்பூர் புடுவின் ஜாலான் பசாருக்குத்தான் ரயிலேற வேண்டும். இப்போது பினாங்கின் சைட்ரோன் போன்ற நிறுவனங்கள் அஞ்சலில் அனுப்புகின்றன. இடைநிலைப் பள்ளியின் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்தில் மின்னணு வடிவமைப்பு வந்துவிட்டதால், பல வீடுகளில் அப்பாவைவிடப் பிள்ளைக்கு இதில் கை தேர்ந்திருக்கிறது.

இனி வெளியீட்டுப் பக்கம். இருக்கும் கருவியின் பொத்தானை நாம் அகற்றவில்லை. அதன் இரு முனைகளுக்கும் இணையாக இன்னொரு தொடுப்பைச் சேர்க்கிறோம். ஆப்டோகப்ளர் வருவது இங்கே. நான்கு கால் கறுப்புச் சில்லு. பிசி817 பரவலாகக் கிடைப்பது. உள்ளே ஒருபக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிர்ப்பக்கம் ஒளி டிரான்சிஸ்டர், நடுவில் மின்சாரம் தாண்ட முடியாத ஒளி ஊடுருவும் பொருள். 5,000 வோல்ட் வரை தாங்கும் பிரிப்பு என்று தரவுத்தாள் சொல்கிறது. அதாவது நம் கட்டளை அறை முழுக்க ஒருமுறை அகச்சிவப்பாகப் பயணம் செய்து, சில்லுக்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தை மறுபடியும் அகச்சிவப்பாகவே தாண்டுகிறது. இந்த இரண்டாம் பயணத்துக்கான பாகங்களைச் செய்யும் குருபோங் ரெம்பாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆப்டோகப்ளரின் டிரான்சிஸ்டருக்குத் திசை உண்டு. பொத்தானின் எந்த முனையில் மின்னழுத்தம் அதிகம் என்று மீட்டர் வைத்துப் பார்த்து, அந்த முனைக்குக் கலெக்டரைக் கொடுக்க வேண்டும். அடுத்தது, கால்குலேட்டர், நுண்ணலை அடுப்பு போன்றவற்றில் பொத்தான்கள் வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்டிருக்கும்; அங்கே ஆப்டோகப்ளர் சில சமயம் ஏமாற்றும். 4066 போன்ற இருவழி மின்னணுச் சுவிட்ச்சோ சிறு ரீட் ரிலேயோ அங்கே நம்பகமானது.

நேரடியாக வீட்டு மின்சாரத்தை இயக்க வேண்டுமானால் ரிலே. எங்கும் கிடைக்கும் 5 வோல்ட் நீலப்பெட்டி ரிலேயின் சுருள் 70 மில்லிஆம்பியர் அளவு இழுக்கும். விளக்கு எரியும் நேரமெல்லாம் மூன்றில் ஒரு வாட் அதற்கே செலவு. உணரிக்கோ 0.35 மில்லிஆம்பியர் போதும். 10 ஆம்பியர் என்று ரிலேயின் முதுகில் அச்சடித்திருப்பதை நம்பிப் பம்பு மோட்டாரை நேரே மாட்டிவிடக் கூடாது. மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு. ரிலே ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் பக்கத்தை, எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த மின் கம்பியாளர் தொடுவதே முறை, சட்டமும் கூட.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். ரெம்பாவுக்கென்று சில சேர்க்க வேண்டும். வெயில் முதலாவது. பூமத்திய ரேகைக்கு இரண்டரை பாகை வடக்கே இருக்கும் ஊர். நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சியில். வாசல் தாழ்வாரத்துக்குக் கீழே உணரியை வைத்தால் நடுப்பகல் வெயில் அதைத் தொடாது. காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில்தான் எதிரி. எனவே கிழக்கும் மேற்கும் பார்க்காமல் வடக்கோ தெற்கோ பார்க்க வைத்து, முன்னால் விரல் நீளக் கறுப்புக் குழாய் ஒன்றைச் செருகினால் தொல்லை பெரிதும் தீரும். தரவுத்தாளில் சொல்லும் முப்பது நாற்பது மீட்டர் தூரம் நல்ல எல்இடிக்கு, இருண்ட கூடத்தில் கிடைக்கும் கணக்கு. மலிவு ரிமோட்டுக்கு எட்டு மீட்டரை நம்பலாம். தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகும் என்பதை மறக்கக் கூடாது.

மின்னல் அடுத்தது. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியா ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களைச் சொல்லவே வேண்டாம். வாசலிலிருந்து பின்கட்டுப் பம்புவரை இழுத்த நீளமான பொத்தான் கம்பி, அருகில் விழும் இடியின் துடிப்பை ஆன்டெனாவாக வாங்கிச் சில்லுக்குள் கொண்டுவந்து விடும். கம்பியே இல்லாத அகச்சிவப்பு அந்த ஒரு வழியையாவது அடைக்கிறது; இந்த நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. அதே இடியோடு வரும் மின்தடைக்கு மட்டும் தனியே ஏற்பாடு வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது 4017 எந்த நிலையில் கண் விழிக்கும் என்பது அதிர்ஷ்டம். ஆள் இல்லாத வீட்டில் பம்பு தானாக ஓடத் தொடங்கலாம். தொடக்கத்தில் அணைந்த நிலைக்குத் தள்ளும் சிறு மின்தேக்கிச் சுற்று இல்லாத எந்த வடிவத்தையும் ஏற்க வேண்டாம்.

மின்னணுச் சோக்கு வைத்த குழல்விளக்குகள் மூன்றாவது. அவை கிலோஹெர்ட்ஸ் கணக்கில் துடிப்பதால் உணரி குழம்பிப்போய், பகலில் பத்து மீட்டர் எட்டிய ரிமோட் இரவில் விளக்குப் போட்டதும் மூன்று மீட்டராகச் சுருங்கலாம். உணரியை விளக்கிலிருந்து திருப்பி வைப்பதே மருந்து. பல்லியும் எறும்பும் நான்காவது என்றால் சிரிப்பீர்கள். சுவர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அகச்சிவப்பு சுவரைத் தாண்டாது. இதைக் குறையாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். வரிசை வீடுகளில் இது பெரிய நிறை. பக்கத்து வீட்டு ரிமோட் நம் வீட்டு விளக்கைத் தொடாது. (கூரை வரை எட்டாத பலகைத் தடுப்புள்ள பழைய லயங்களில் மட்டும் கூரையில் பட்டு எதிரொளித்துப் போகலாம்.) தானியங்கி வாசற்கதவுகள் ரேடியோவுக்குப் போனதற்கும் இதுவே மறுபக்கக் காரணம். கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து, பட்டப்பகல் வெயிலில், குறி பார்க்காமல் வேலை செய்ய வேண்டும். மலேசியாவில் அவை பெரும்பாலும் 330 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ரேடியோவுக்குப் போனால் அலைவரிசை விதிகளும் சான்றும் கூட வரும். குறியீட்டை ஒட்டுக்கேட்டு நகலெடுக்கும் ஆபத்தும் வரும். அகச்சிவப்பையும் நகலெடுக்க முடியும், ஆனால் அதற்குத் திருடன் கூடத்துக்குள் நிற்க வேண்டும். வைஃபை விளக்குகளும் குரல் கட்டளையும் இன்று கைக்கெட்டும் விலைதான். இணையம் அறுந்தால் ஊமையாகிவிடும் சுவிட்ச் எனக்கு உவப்பில்லை. அது ரசனை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது உண்மையில் தேவை? சோம்பலுக்குத்தான் ரிமோட் என்ற பேச்சு அந்த 1950ஆம் ஆண்டு ரிமோட்டுக்கு ஜெனித் வைத்த ‘சோம்பேறி எலும்பு’ என்ற பெயரிலேயே இருக்கிறது. தோட்டக் குடியிருப்புகளிலும், தோட்டம் விட்டு வந்து குடியேறிய தாமான்களிலும் இப்போது வயதானவர்கள் அதிகம். நாற்பது ஆண்டு வாளி சுமந்து முட்டி தேய்ந்தவர், நீரிழிவால் காலை இழந்தவர், பக்கவாதத்தால் படுக்கையோடு இருப்பவர். நள்ளிரவில் விசிறியைக் குறைக்கவும், கழிப்பறைக்குப் போகும் முன் விளக்கைப் போடவும், அடுத்த அறையில் தூங்கும் மருமகளை மணியடித்து எழுப்பவும் அவர்களுக்குப் பொத்தான் கட்டிலருகே வேண்டும். பெரிய அழுத்துகட்டை ஒன்றும் எல்இடி ஒன்றும் மட்டும் கொண்ட ஒற்றைப் பொத்தான் ரிமோட் செய்து கொடுப்பது ஒரு பள்ளி மாணவனின் விடுமுறை வேலை. நாற்பது பொத்தான் ரிமோட்டை நடுங்கும் கையில் கொடுப்பதைவிட அது மேல்.

எங்கே கூடாது என்பதில் எனக்கு இழுபறி இல்லை. சுழலும், நசுக்கும், வெட்டும் எந்த இயந்திரத்தின் நிறுத்தும் பொத்தானும் அகச்சிவப்புக்கு மாறக் கூடாது. ரப்பர்த் தாள் உருளையாக இருக்கட்டும், மரம் அறுக்கும் பட்டறையாக இருக்கட்டும். சிவப்புக் காளான் தலைப் பொத்தான் கையால் குத்தினால் மின்சாரத்தையே அறுக்கிறது. நடுவில் பேட்டரியோ குறியீடோ நிரலோ இல்லை. ரிமோட்டின் கட்டளை சேராமல் போக ஒரு ஆள் குறுக்கே நிற்பது போதும். போடுவதும்கூட ஆபத்துதான்: இயந்திரத்துக்குள் ஒருவர் கை வைத்திருக்கும்போது, அதைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து இன்னொருவர் இயக்கிவிட முடியும். நீர்க் கொதிகலனும் இஸ்திரிப் பெட்டியும் இதே பட்டியலில் வரும். ஆள் பார்க்காதபோது எரியக் கூடாதவை அவை.

கடைசியாக, தொழிற்சாலைகளே பொத்தானைத் தூக்கிவிட்ட கதை. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31இல் முழுமையாக நின்றது. பழைய தொலைக்காட்சிகளுக்காக வந்த டிஜிட்டல் பெட்டிகள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாகவும் கொடுக்கப்பட்டன. அத்தகைய பெட்டிகள் பலவற்றின் முகப்பில் பொத்தான் ஒன்றுகூட இருப்பதில்லை, அல்லது ஒப்புக்கு ஒன்று. ரிமோட் தொலைந்தால், கரி வில்லை தேய்ந்தால், கசிந்த பேட்டரி தகட்டை அரித்தால், பெட்டி நன்றாக இருந்தும் பயனில்லை. இந்தியாவில் அட்டம்பெர்க் போன்ற நிறுவனங்கள் பரப்பிய பிஎல்டிசி விசிறிகள் 75 வாட் வேலையை 28 வாட்டில் செய்கின்றன. பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால் பழைய சுவர் ரெகுலேட்டர் அவற்றுக்கு ஒத்துவராது; வேகம் மாற்ற ரிமோட்டைத் தேட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் கருவியே கெட்டதாக வாங்கியவர் நினைப்பார் என்று ஜெனித்தின் விற்பனைப் பிரிவு 1956இல் அஞ்சியது நம் கூடத்தில் வந்து நிற்கிறது. பொத்தானுக்குச் செலவாகும் சில சென் காசை மிச்சம் பிடித்த கணக்கு இது. இதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே வீட்டில் கை வைக்கப் போகிறவர்களுக்கு: ரிமோட்டை இணையாகச் சேருங்கள், இருக்கும் பொத்தானைக் கழற்றாதீர்கள். பெட்டியின் முகப்பில் நிலை காட்டும் சிறு எல்இடி ஒன்றும், கையால் இயக்கும் பொத்தான் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். பயன்படுத்திய ரிமோட்டின் மாதிரி எண்ணையும் குறியீடுகளையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ரிமோட் தொலையும் நாளில் அந்தத் தாளை வைத்து வேறொரு ரிமோட்டைப் பழக்கிவிடலாம்.